அவன் என்ன நினைத்தால் என்ன?

நியூஜெர்சியில் ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து இறங்கும் எவரையும் முதல் வாரத்திலேயே யாராவது அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே ஒரு தோசைக் கடையில் ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேரும் ஒரே இன்ஜினியரிங் காலேஜ், இப்போது நாலு பேரும் சாஃப்ட்வேர். பேச்சு எப்படியோ அமெரிக்காவின் 'ஹேட் கிரைம்' சட்டங்கள் பக்கம் திரும்பியது. எங்களில் நன்றாக வாதாடக்கூடிய நண்பன் சொன்னான்:

"கொலைன்னா கொலைடா. நிறத்துக்காக சுட்டானா, காசுக்காக சுட்டானா, செத்தவனுக்கு என்ன வித்தியாசம்? செஞ்சதுக்குத் தண்டனை குடு. மனசுக்குள்ள அவன் என்ன நினைச்சா உனக்கு என்ன?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே உள்ளீடு, ஒரே வெளியீடு. எங்கள் தொழிலுக்குப் பிடித்த வகை நியாயம்.

ஆனால் எனக்கு 2017 பிப்ரவரி ஞாபகம் வந்தது. கன்சாஸ் மாநிலத்தில் ஓலேத் என்ற ஊரில், ஒரு பாரில், ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா என்ற இன்ஜினியர் சுட்டுக் கொல்லப்பட்ட மாதம். நண்பரோடு வேலை முடிந்து பியர் குடிக்கப் போனவர். விசா பற்றிக் கேட்டு வம்புக்கு வந்தவனை வெளியே அனுப்பினார்கள். அவன் துப்பாக்கியோடு திரும்பி வந்து, என் நாட்டைவிட்டுப் போ என்று கத்திவிட்டுச் சுட்டான். குறுக்கே தடுக்கப்போன ஒரு வெள்ளைக்காரருக்கும் குண்டு. அந்த வாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் எல்லாருடைய படமும் கறுப்பாகியிருந்தது. முதலில் மாற்றியவன் இதே நண்பன். அன்று அவன் எழுதியது வேறு: "ஹேட் கிரைம்னு வாயத் தொறந்து சொல்ல ஏன்டா இவ்ளோ யோசிக்கிறானுங்க?"

அன்றைக்கு மட்டும் அவன் என்ன நினைத்தான் என்பது எங்களுக்கு வேண்டியிருந்தது. அது மட்டும்தான் வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

*

முதலில் இந்த 'மனசுக்குள்ள என்ன நினைச்சா என்ன' என்பதை முடித்துவிடுவோம். சட்டக்காரர்கள் இரண்டு விஷயங்களைப் பிரிப்பார்கள். தெரிந்தே, வேண்டுமென்றே செய்தானா என்பது இன்டென்ஷன். எதற்காகச் செய்தான் என்பது மோட்டிவ். குற்றவாளியா இல்லையா என்பதற்கு முதலாவது போதும், இரண்டாவது தேவையில்லை என்பது பாடப்புத்தக வாசகம். சரி. ஆனால் எவ்வளவு தண்டனை என்ற இடத்துக்கு வந்ததும் உலகத்தில் எந்த நீதிபதியும் இரண்டாவதைக் கேட்காமல் இருந்ததில்லை. பிள்ளைக்குப் பால் வாங்கத் திருடியவளும் சீட்டாடத் திருடியவனும் ஒரே தொகையைத் திருடியிருக்கலாம். வலி தாங்காத மனைவிக்கு விஷம் கொடுத்த கிழவரும், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக விஷம் கொடுத்தவனும் செய்தது ஒரே காரியம். இவர்களுக்கு ஒரே தண்டனை கொடுக்கும் நீதிபதியை நம் ஊர்த் திண்ணையில்கூட உட்காரவிட மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கொல்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் தண்டனையைக் கூட்டும் காரணம். காசாசை என்பதும் மனசுக்குள் இருப்பதுதானே? அதை எதிர்த்து 'எண்ணத்தைத் தண்டிக்கிறார்கள்' என்று யாரும் கொடி பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. இனவெறி என்று வரும்போது மட்டும் எல்லாருக்கும் மனச்சாட்சியின் சுதந்திரம் ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் நண்பனிடம் கேட்டேன். நம் கம்பெனிகள் நம்மை எந்தக் காரணமும் சொல்லாமல் நாளைக்கே அனுப்பலாம். வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் நீ இந்தியன் என்பதற்காக அனுப்பினால் சட்டவிரோதம், வழக்குப் போடலாம். செய்த காரியம் ஒன்றுதான். அட்டையை வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கையில் கொடுத்து வெளியே விட்டது. சட்டவிரோதம் ஆக்கியது முதலாளியின் மனசுக்குள் இருந்தது. "இந்தச் சட்டம் வேணுமா வேணாமா?" அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

இந்த ஒப்பீடு என் கண்டுபிடிப்பில்லை. 1993இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விஸ்கான்ஸின் எதிர் மிட்செல் வழக்கில் சொன்னவற்றில் இதுவும் ஒன்று. அந்த வழக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் ஒரு வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மினசோட்டாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் சிலுவை செய்து எரித்தார்கள். என்ன அர்த்தம் என்று அந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் குற்றமாக்கிய செயின்ட் பால் நகரச் சட்டம், சில கருத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடுக்கிறது என்று 1992இல் ரத்தானது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு. அடுத்த ஆண்டு மிட்செல். இங்கே குற்றவாளி ஒரு கறுப்பின இளைஞர். கறுப்பர்கள்மீதான வன்முறை பற்றிய ஒரு சினிமாக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தை, எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன்மீது ஏவிவிட்டார். பதினாலு வயதுப் பையன், நாலு நாள் கோமாவில் கிடந்தான். அந்த அடிதடிக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்ததால் அது 7 ஆண்டுவரை ஏறலாம் என்றது மாநிலச் சட்டம். கிடைத்தது 4. அந்தச் சட்டம் செல்லும் என்றது உச்சநீதிமன்றம். இங்கேயும் ஒன்பது பேரும் ஒரே முடிவு.

இரண்டையும் சட்டக் கோட்பாட்டில் பிரித்துக் காட்ட முடியும். ஒன்று சொல், மற்றது செயல். தர்க்கம் சரிதான். இருந்தாலும் இனவெறிக்குக் கூடுதல் தண்டனை செல்லும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பெழுதிய வழக்கில் கூண்டில் நின்றது ஒரு கறுப்பர் என்பதை நான் தாண்டிப் போக முடியவில்லை. இந்தச் சட்டங்களை இடதுபக்கத்திலிருந்து எதிர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்: நீ எந்த நல்லெண்ணத்தோடு தண்டனையைக் கூட்டினாலும், கூட்டிய தண்டனை கடைசியில் ஏழையின், கறுப்பரின் முதுகில்தான் இறங்கும். இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். தோசைக் கடை எதிர்ப்பை மதிக்கவில்லை.

*

இப்போது நான் குடியிருக்கும் மாநிலத்துக்கு வருகிறேன். இதற்கு நம் கதையோடு ஒரு தொடர்பு இருக்கிறது, இங்கே இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

1987இல் ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்று ஒரு கும்பல். பொட்டு உடைப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். இந்தியர்களை ஊரைவிட்டுத் துரத்த எதையும் செய்வோம், டெலிபோன் புத்தகத்தில் பட்டேல் என்ற பெயரைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிப்போம் என்று. அந்த செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற வங்கி அதிகாரியை ஒரு கும்பல் அடித்துப் போட்டது. சில நாளில் இறந்துபோனார். அவர் பார்ஸி. பொட்டு வைக்காத ஆண். கூட வந்த வெள்ளைக்கார நண்பர்மீது ஒரு கை படவில்லை. வழக்கு நடந்தது. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை, தாக்குதலுக்காக மட்டும் தண்டனை. இனம் என்ற பேச்சு அந்தத் தீர்ப்பின் எந்த மூலையிலும் எடை பெறவில்லை. கூட வந்தவரை ஏன் தொடவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடுவது யாருடைய வேலையாகவும் இல்லை.

இந்தியர்கள் தெருவில் இறங்கினார்கள். கொலம்பியாவிலும் மற்ற கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகள் அமைப்பு கட்டினார்கள். 1990இல் நியூஜெர்சி இனவெறியோடு செய்யும் குற்றங்களுக்கான தண்டனையைக் கூட்டியது. அந்தக் கோரிக்கையில் நம் ஆட்களின் குரலும் இருந்தது.

நாலு வருஷம் கழித்து, 1994 டிசம்பரில், இதே மாநிலத்தின் தெற்கே வைன்லாண்ட் என்ற ஊர். முழுக்க வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதிக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. சார்லஸ் அப்ரெண்டி என்பவர் அதிகாலை இரண்டு மணிக்கு அந்த வீட்டை நோக்கிச் சுட்டார். பிடிபட்டதும், அவர்கள் கறுப்பர்கள், இந்தப் பகுதியில் இருப்பது பிடிக்கவில்லை என்று போலீஸிடம் சொன்னதாகப் பதிவு. பிறகு அப்படிச் சொல்லவில்லை என்றார். ஆயுத வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு 5 முதல் 10 ஆண்டு. ஆனால் தண்டனை சொல்லும் நாளில் நீதிபதி தனியாக ஒரு விசாரணை நடத்தி, இனத்தின் காரணமாக அச்சுறுத்தத்தான் சுட்டார் என்பது 'பெரும்பாலும் உண்மை' என்று முடிவு செய்து, 12 ஆண்டு கொடுத்தார். புதிய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

2000 ஜூனில் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. இனவெறிக்குக் கூடுதல் தண்டனை கூடாது என்பதற்காக அல்ல. அதிகபட்சத் தண்டனையைத் தாண்ட வைக்கும் எந்த உண்மையையும் ஒரு நீதிபதி தன் ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது, ஜூரியின் முன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதற்காக. ஸ்கேலியாவும் கின்ஸ்பர்க்கும் ஒரே பக்கம் நின்ற தீர்ப்பு. ஸ்டீவன்ஸ் எழுதியது.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். இனவெறி பிடித்த ஒருவர் ஜெயித்த வழக்கு, ஆனாலும் பிடிக்கும். 'மனசுக்குள்ள இருக்கிறத எப்படித் தெரியும்' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. எப்படியா? கைரேகையை நிரூபிப்பதுபோல நிரூபி. சாட்சியைக் கூப்பிடு, குறுக்கு விசாரணை செய், பன்னிரண்டு பேரைச் சம்மதிக்க வை. முடியவில்லையா, விட்டுவிடு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான். தண்டனையைக் கூட்டாத உண்மையை நீதிமன்றத்தில் யாரும் தேட மாட்டார்கள். அரசு வக்கீல் கெட்டவர் என்பதில்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். நாம் எழுதும் புரோகிராமில் எதற்கும் பயன்படாத ஒரு எண்ணை யார் உட்கார்ந்து சரிபார்க்கிறோம்? ஹோபோகனில் இனம் எந்தக் கணக்கிலும் வரவில்லை, அதனால் அதை ஒருவரும் துருவவில்லை. வைன்லாண்டில் இரண்டு ஆண்டு கூடியது, அதனால் நாட்டின் உச்சநீதிமன்றம்வரை அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

ஜார்ஜியாவில் 2020 பிப்ரவரியில் அகமது ஆர்பரி கொல்லப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளைக்காரர்கள் வண்டியில் துரத்தினார்கள், ஒருவர் சுட்டார். அப்போது ஜார்ஜியாவில் ஹேட் கிரைம் சட்டமே கிடையாது. இருந்த ஒன்றை, தெளிவில்லை என்று 2004இல் அந்த மாநில உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. 2021 நவம்பரில் மாநில நீதிமன்றத்தில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த விசாரணையில் அரசுத் தரப்பு இனத்தைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. வழக்கை ஜெயிக்க அது தேவைப்படவில்லை. புத்திசாலித்தனமான உத்தி என்று பாராட்டியவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்து ஃபெடரல் நீதிமன்றத்தில் இரண்டாவது வழக்கு. அங்கே நிறத்துக்காகச் செய்தார்கள் என்பது குற்றத்தின் ஒரு பகுதி, அதை நிரூபித்தே ஆக வேண்டும். அப்போதுதான் அவர்களுடைய பழைய மெசேஜ்களும் சமூக வலைதளப் பதிவுகளும் ஜூரியின் முன்னால் விரிக்கப்பட்டன. அதே ஆட்கள், அதே தெரு, அதே உடல். முதல் ஜூரிக்கு அந்தப் பக்கங்கள் காட்டப்படவே இல்லை.

அந்த ஃபெடரல் வழக்கும் நடந்திருக்க வேண்டியதில்லை. அரசாங்கம் சமரசத்துக்குத் தயாராக இருந்தது. மோட்டிவை ஒப்புக்கொள்கிறோம், பதிலுக்கு முதல் 30 வருஷத்தை ஃபெடரல் சிறையில் கழிக்க விடுங்கள். மாநிலச் சிறையைவிட அது வசதி. ஆர்பரியின் தாய் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்றார். நீதிபதி அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் இருவருக்கு மறுபடி ஆயுள், ஒருவருக்கு 35 ஆண்டு. 'ஏற்கெனவே ஆயுள் இருக்கிறதே, இதில் என்ன கூடியது' என்று கேட்கலாம். ஓலேத் கொலைகாரனைப் பற்றியும் இதையே கேட்டார்கள். மாநில நீதிமன்றம் ஆயுள் கொடுத்தது, பிறகு ஃபெடரல் நீதிமன்றமும் ஆயுள் கொடுத்தது. ஒரு மனுஷன் எத்தனை முறை சாவான்? கூடியது ஆண்டு இல்லை, பதிவு. முதல் தீர்ப்பின்படி பாரில் ஒருவன் ஒருவரைத் திட்டமிட்டுச் சுட்டான். இரண்டாவது தீர்ப்பின்படி அவன் சுட்டது எதற்காக என்பதும் இருக்கிறது. இன்னொரு விஷயம்: ஓடிப்போன அவன் வேறொரு ஊர் பாரில் போய், இரண்டு ஈரானியர்களைச் சுட்டுவிட்டேன் என்று சொன்னான். தெலுங்குக்காரரை ஈரானியர் என்று நினைத்திருக்கிறான். 2009இன் ஃபெடரல் சட்டம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. உண்மையான இனமோ, அவன் கருதிய இனமோ, இரண்டில் எதுவானாலும் சரி. 'அவன் என்ன நினைத்தால் என்ன' என்பதற்கு அந்த ஒரு சொல்லே பதில். அவன் என்ன நினைத்தானோ அதனால்தான் அந்த மனுஷன் செத்தார்.

(ஃபெடரல் தண்டனை அட்டவணையை ஒருமுறை பாருங்கள். 43 வரிசை, 6 பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் மாதக் கணக்கு. இனத்துக்காக ஆளைத் தேர்ந்தெடுத்தது நிரூபணமானால் மூன்று வரிசை கீழே இறங்க வேண்டும். எக்செல் ஷீட்டில் வாழ்பவனுக்கே கொஞ்சம் குளிர் எடுக்கும்.)

*

இனி சங்கடமான பகுதி.

டாட்பஸ்டர்ஸ் காலத்துக்குப் பிறகு கடுமையான நியூஜெர்சிச் சட்டம் அப்ரெண்டிக்குப் பிறகு திருத்தி எழுதப்பட்டது. அதன்கீழ் 2012இல் ஒரு வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக விடுதியில், இந்தியாவில் பிறந்த ஒரு மாணவர், தன் அறைத்தோழரின் அந்தரங்கத்தை வெப்கேமில் எட்டிப் பார்த்தார். அறைத்தோழர் ஓரினச் சேர்க்கையாளர். சில நாளில் அவர் பாலத்திலிருந்து குதித்து இறந்துபோனார். இங்கே இனம் இல்லை, பாலியல் சார்பு. ஆனால் சட்டம் அதேதான். ஜூரி குற்றவாளி என்றது. நம் சமூகம் கொதித்தது. ட்ரெண்டனில் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் கூட்டம் கூடினார்கள். மனுக்கள் சுற்றின. அப்போது நான் இங்கே மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காமல், லேபில் உட்கார்ந்து, அரை நிமிஷத்தில்.

கிடைத்தது 30 நாள் சிறை. அவர் அந்த மாணவரை வெறுத்தார் என்று தாம் நம்பவில்லை என்று நீதிபதியே சொன்னார். பிறகு அந்தத் தண்டனையும் 2016இல் தள்ளுபடியானது. காரணம் சட்டத்தின் ஒரு பிரிவு. குற்றவாளியின் நோக்கம் எதுவானாலும், பாதிக்கப்பட்டவர் தன்னை இதற்காகத்தான் குறிவைத்தார்கள் என்று நியாயமாக நம்பினால் போதும் என்றது அது. வேறொரு வழக்கில், கறுப்பினத் தொழிலாளி ஒருவரைக் கூண்டில் அடைத்துக் கேலி செய்த வழக்கு அது, 2015இல் மாநில உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்திருந்தது. ரத்து செய்தது சரி. அடுத்தவர் மனசில் ஓடியதற்கு ஒருவனை உள்ளே போட முடியாது. நோக்கம் என்று சொன்னால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும்.

ஆனால் ட்ரெண்டனில் கூடியவர்களும், கையெழுத்துப் போட்ட நானும், பிரிவு எண் மூன்றின் அரசியல் சாசனச் சிக்கலுக்காக அங்கே நிற்கவில்லை. நம்ம வீட்டுப் பையன் அப்படி நினைத்திருக்க மாட்டான் என்பதற்காக நின்றோம். ஹோபோகனில் அடித்தவர்களின் அம்மாக்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு ஒரு வாரம் இதைத் திறக்கவில்லை. ஏனென்றால் அடுத்ததாக நான் எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இன நோக்கத்தைத் தண்டனையில் எடை போடுவதற்கு நம் நாட்டில் ஒரு நெருங்கிய உறவுக்காரச் சட்டம் இருக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஊரில் 'பிசிஆர்' என்றால்தான் புரியும். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள ஒரு குற்றத்தை, ஒருவர் தலித் அல்லது பழங்குடி என்ற காரணத்தால் அவருக்கு எதிராகச் செய்தால் ஆயுள் தண்டனை என்றது அதன் 3(2)(v) பிரிவு. அந்தக் 'காரணத்தால்' என்ற சொல்லில் எத்தனை வழக்குகள் விழுந்தன! நிலத்தகராறு, பழைய பகை, காமம் என்று வேறு ஏதாவது ஒரு காரணத்தைக் காட்டிவிட்டால் போதும், சாதி காணாமல் போய்விடும். 2006இல் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தில் நாலு பேர் ஊரே கூடிக் கொல்லப்பட்டார்கள். நீதிமன்றம் கொலைக்குத் தண்டித்தது. அது பழிவாங்கல், சாதி வன்கொடுமை அல்ல என்றது. தலித் குடும்பம் என்பதால்தான் அப்படியொரு பழிவாங்கலுக்கு ஊர் துணிந்தது என்பதை எழுத அந்தத் தீர்ப்பில் இடமில்லை. 2016 முதல் சட்டத்தை மாற்றினார்கள், அவர் இன்ன சாதி என்று தெரிந்தே செய்திருந்தால் போதும் என்று. 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்சநீதிமன்றமும், பழைய சொல்லுக்கே 'சாதி மட்டுமே காரணம்' என்று பொருள் கொள்ளக் கூடாது என்று விளக்கியது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் கண் தெரியாத தலித் பெண். மூன்றில் எதனால் என்று பிரித்துக் கேட்பதே அபத்தம் என்று நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் சாட்சியம் போதவில்லை என்று வன்கொடுமைப் பிரிவு அந்த வழக்கில் நிற்கவில்லை.

இங்கிலாந்தில் இதை 1998லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இனப்பகை முழுக் காரணமாகவோ ஓரளவு காரணமாகவோ இருந்தால் போதும், கூட வேறு காரணம் இருந்ததா என்பது பொருட்டல்ல. மனுஷன் ஒரு காரணத்துக்காக மட்டும் எதையாவது செய்திருக்கிறானா? வேலை மாறும்போதுகூட நமக்கு நாலு காரணம் இருக்கிறது.

*

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது என் அம்மாவின் தம்பிமீது பிசிஆர் வழக்கு வந்தது. பெயர், ஊர் வேண்டாம். நாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பம்புசெட் தண்ணீர் திருப்பியதில் தகராறு, காலனிப் பையன் ஒருவனை மாமா மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார், தலையில் ஆறு தையல். தண்ணீர்த் தகராறை சாதி வழக்காக்கிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் பேசினார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து வழக்கு முடிந்தபோது நீதிமன்றத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. வன்கொடுமைப் பிரிவு நிற்கவில்லை. அடிதடிக்கு மட்டும் அபராதம்.

தண்ணீர்த் தகராறு இருந்தது. பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதமாக எங்கள் திண்ணையில் மாமா அந்தப் பையனின் புது பைக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம தெருவுல இறங்கித் தள்ளிட்டுப் போகணும்னு இல்ல, உக்காந்துக்கிட்டே போறான். ஒருநாளைக்கு இருக்கு அவனுக்கு." சாப்பிடும்போது சொன்னார், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார், வந்த விருந்தாளிகளிடம் சொன்னார். பக்கத்து வயல்காரரும், எங்களோடு ஒன்றடி மண்ணடி ஆள்தான், இதே வாய்க்காலில் வருஷம் தவறாமல் தண்ணீரைத் திருப்புவார். அவர்மீது மண்வெட்டி ஓங்கியதில்லை. கத்தல்தான், அடுத்த நாள் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஹோபோகனில் அந்த வெள்ளைக்கார நண்பர்மீது ஏன் கை படவில்லை என்று மேலே கேட்டேன் இல்லையா, அதை எழுதியபோது என் கண்ணில் நின்றது இந்தப் பக்கத்து வயல்காரர்தான்.

மனசுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஏழு பேருக்குத் தெரியும். என்னையும் சேர்த்து. யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? பதினைந்து வயதில் சொல்லியிருக்க மாட்டேன். சாட்சிப் படியேறிய எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லவில்லை. அந்தப் பையன் பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பைக்கை விற்றுவிட்டுப் போனான் என்றார்கள்.

கன்சாஸ் கொலை நடந்த வாரம், 2017 பிப்ரவரி கடைசியில், இந்திய நேரம் காலையில் மாமா வாட்ஸப்பில் கூப்பிட்டார். டிவியில் பார்த்திருக்கிறார். குரல் உண்மையிலேயே நடுங்கியது.

"மாப்ள, அங்க நம்மாளுங்கள சுடுறானுகளாமே? ராத்திரில வெளிய கிளிய போகாதீங்க. என்னா மனுசனுகளோ, தோலு நெறத்தப் பாத்து சுடுவானா? அவன எல்லாம் சும்மா விடக் கூடாது மாப்ள."

சரி மாமா, பார்த்து இருக்கிறேன் என்றேன்.